எரியாத வீட்டுக்குத் தண்ணீர்

வடசென்னையில் வேலை பார்த்த தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், யார் ஸ்டேஷனுக்குக் கால், அதாவது தீ என்று வரும் அழைப்பு, அதிகம் என்றுதான் பேச்சு போகும். வியாசர்பாடியா, எஸ்பிளனேடா, தண்டையார்பேட்டையா? நானும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். கொடுங்கையூர் குப்பைமேடு பற்றினால் நாள்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும், அதையும் ஒரே கால் என்று எழுதுவது என்ன நியாயம் என்பது என் கட்சி. சரி, அது கிடக்கட்டும்.

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைத் தீ. ஹோஸ் முனை என் கையில். வண்டியில் 4,500 லிட்டர்; திறந்துவிட்டால் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அடுத்த வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. எரிகிற வரிசையை விட்டு, இன்னும் பற்றாத பின்வரிசைக் கூரைகளை நனைத்தேன். ஒரு அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். கையில் மிக்ஸி ஜார்; மிக்ஸி இல்லை.

"எரியுற வூட்ட வுட்டுட்டு எரியாத வூட்டுக்கு ஊத்துறியேண்ணா!"

"தள்ளும்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

பயிற்சியில் சொல்லித் தருவதே அதுதான். ஓலைப்பொறி காற்றில் பறக்கும், வீட்டுக்கு வீடு சிலிண்டர் இருக்கும். ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில், பரவாமல் தடுப்பதுதான் முதல் வேலை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். பின்வரிசை முழுக்கத் தப்பியது. அந்த வரிசைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். செய்தது சரிதான்.

ஆனால் அந்த அம்மா இழுத்தபோது அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தேனா? 'போய்ச் சேரும்போதே முழுக்கப் பற்றியிருந்தது' என்று அறிக்கைக்குச் சொன்னவன் நான். ஒரு வாரம் கழித்து, வீட்டில் சட்னி அரைக்கிற சத்தத்தில்தான் உறைத்தது: ஜாரை எடுத்துக்கொண்டு வெளியே வர முடிந்திருக்கிறது என்றால், உள்ளே இன்னும் தீ போகவில்லை. முன்கூரை மட்டும்தான் எரிந்ததோ என்னவோ. அரை நிமிடம் அந்தப் பக்கம் திருப்பியிருந்தால்? அந்த அரை நிமிடத்தில் பின்வரிசை பிடித்திருந்தால்?

அப்புறம் வந்த ஒரு காலில், எரிகிற வீட்டுக்கே முதலில் திருப்பினேன். அதுவும் போனது, பக்கத்து வீடும் போனது. அன்றைக்கு என் கோட்டை யாரும் இழுக்கவில்லை.