மார்கழிப் பனியும் டீசல் வண்டி ஹீட்டரும்

மார்கழி விடிகாலையில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்களுக்குத் தெரியும், வடுவூர் ஏரிப் பக்கம் பனி எப்படிக் கப்பும் என்று. வயலெல்லாம் ஈரம். வண்டிக்குள் நாலு பேர் மூச்சு விட்டாலே முன் கண்ணாடி வெளுத்துவிடும். டெல்டாவில் ஹீட்டர் வேண்டியது குளிருக்காக இல்லை, இந்தக் கண்ணாடிக்காக. (அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்குக் குளிருக்கும் வேண்டும்.)

என்னுடையது பழைய ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி. "என்னடா, ஹீட்டர் போட்டும் காத்து சில்லுன்னே வருது" என்று அப்பா மப்ளரை இறுக்கிக்கொள்வார். மச்சானின் பெட்ரோல் வண்டியில் சட்டென்று சூடு வந்துவிடும்.

டீசலின் சிக்கனம்தான் காரணம். எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தில் மிஞ்சும் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே ஊதுகிறது. டீசல் எஞ்சின் எரிபொருளில் அதிகப் பங்கை ஓட்டத்துக்கே எடுத்துக்கொள்வதால் வீணாகும் சூடு குறைவு. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது இன்னும் மோசம்: துளி டீசலுக்கு சிலிண்டர் நிறையக் குளிர்ந்த காற்று. அதனால் வாசலில் நிறுத்தி உறுமவிடுவதைவிட, கிளம்பி நிதானமாக ஓட்டினால் சீக்கிரம் சூடேறும். ஐரோப்பாவில் பல டீசல் கார்களில் இதற்கென்றே ஒரு சின்ன மின்சார ஹீட்டரும் சேர்த்து வருகிறது.

நம்ம பக்கம் இன்னொரு கூத்து உண்டு. எஞ்சின் ஓவர்ஹீட் ஆனால் மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது அந்த வால்வுதான். அது இல்லையென்றால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறாது, மைலேஜும் அடி வாங்கும். நான் வாங்கும்போதே என் வண்டியில் வால்வு இல்லை. புதுசு போட்ட பிறகு, பெட்ரோல் வண்டி வேகம் இல்லாவிட்டாலும், வடுவூர் வருவதற்குள் கண்ணாடி தெளிகிற அளவுக்குச் சூடு வருகிறது.

காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் ரீசர்குலேஷனை அணைத்து, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும். "மார்கழியில ஏசியாடா?" என்பார் அப்பா. சூடு இல்லாமல் வெறும் ஏசியைக் கண்ணாடியில் அடித்தால் வெளிப்பக்கம் நீர் கோக்கும், அதற்கு வைப்பர்தான் கதி. வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், கார்த்திகையிலேயே மாற்றிவிடுங்கள்.