கிராமத்து ஃபண்டு பத்தி பார்லிமென்ட் கமிட்டிக்கு எழுதின அனுபவம்

யூகே பார்லிமென்ட்ல அரசு வேலைய கண்காணிக்கற செலக்ட் கமிட்டிக்கு யார் வேணாலும் எழுதி அனுப்பலாம், சிட்டிசனா இருக்கணும்னு கூட இல்ல. இது நிறைய பேருக்கு தெரியல, இங்கயே பொறந்து வளந்தவங்களுக்கே தெரியல. அதனாலதான் கிராமத்துக்கு வர்ற அரசு நிதி பத்தி நான் எழுதி அனுப்பினது எப்படி போச்சுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், இங்க கிராமத்துல கடை, போஸ்ட் ஆபீஸ், கேர் ஹோம்னு வச்சிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு உதவும்.

நாங்க இருக்கறது இங்கிலாந்து தென்மேற்குல டெவன்ல, எக்ஸிட்டர் நகரத்துல இருந்து நல்லா உள்ள தள்ளி ஒரு சின்ன ஊரு. வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வேலை. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஊர்ல பேங்க்ல இருந்தவ, கணக்கு வழக்கு தெரியும்னு வில்லேஜ் ஹால் கமிட்டில ட்ரஷரரா போட்டாங்க. அந்த ஹால்லதான் ஊரே நடக்குது, குழந்தைங்க ப்ளேகுரூப், வயசானவங்களுக்கு லஞ்ச் கிளப், வாரத்துக்கு ஒரு தடவ வந்து போற போஸ்ட் ஆபீஸ், எலெக்‌ஷன்னா ஓட்டு போடற இடமும் அதுதான்.

ஐரோப்பிய யூனியன்ல இருந்தப்ப இந்த மாதிரி இடத்துக்கு காசு வந்தது லீடர்னு ஒரு திட்டத்துல. 1991-ல ஆரம்பிச்சது. விவசாயக் கொள்கைக்கு ஒதுக்கற பணத்துலயே கிராம வளர்ச்சிக்குன்னு ஒரு பங்கு இருக்கும், அதுல குறைஞ்சது 5 சதவீதம் லீடருக்கு போகணும்னு ரூல். 2014-2020 காலத்துக்கு இங்கிலாந்துக்கு மட்டும் 138 மில்லியன் பவுண்டு. தொகை பெருசு இல்ல, ஆனா அத யாருக்கு குடுக்கறதுன்னு முடிவு பண்ணது லோக்கல் ஆக்‌ஷன் குரூப்னு அந்தந்த ஏரியா ஆளுங்க, ஒரு பண்ணைக்காரர், ஒரு பி அண்ட் பி (சின்ன தங்கும் விடுதி) நடத்தறவங்க, ஒரு ஸ்கூல் டீச்சர் இப்படி, அரசு தரப்பு ஓட்டு 49 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு சட்டத்துலயே இருந்துச்சு. எங்க ஹால் கூரை அதுலதான் போட்டது. சும்மா குடுத்துடல, மூணு கொட்டேஷன் கேப்பாங்க, நாம முதல்ல செலவு பண்ணி பில்லு காட்டினாதான் பணம் வரும், கமிட்டில ரெண்டு பேர் கைக்காச போட்டு வச்சோம். ஆனா ஏழு வருஷத்துக்கு பணம் இருக்குன்னு தெரியும், இந்த வருஷம் கிடைக்கலன்னா அடுத்த ரவுண்டுல கேக்கலாம், கேக்கற இடத்துல நம்ம ஊர் ரோடு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்திருப்பாரு.

2020 ஜனவரி 31-க்கு பிரிட்டன் யூனியன்ல இருந்து வெளிய வந்துச்சு. யூனியன்ல இருந்து வந்த வளர்ச்சி நிதிக்கு பதிலா ஷேர்ட் ப்ராஸ்பெரிட்டி ஃபண்டுன்னு ஒண்ணு வரும்னு 2017 தேர்தல் அறிக்கையிலயே கன்சர்வேட்டிவ் கட்சி சொல்லிச்சு, முழு விவரம் வந்தது 2022 ஏப்ரல்ல. மூணு வருஷத்துக்கு 2.6 பில்லியன். அதுல கிராமத்துக்குன்னு தனியா எதுவும் இல்லன்னு சத்தம் வந்தப்புறம் 2022 செப்டம்பர்ல ரூரல் இங்கிலாந்து ப்ராஸ்பெரிட்டி ஃபண்டுன்னு 110 மில்லியன் அறிவிச்சாங்க, ரெண்டு நிதியாண்டுக்கு.

தொகைய மட்டும் பாத்தா மோசம் இல்லதான். சிக்கல் கண்டிஷன்ல இருந்துச்சு. அந்த 110 மில்லியன் முழுக்க கேபிடல், அதாவது கட்டடம், மெஷின், நிலையா நிக்கற பொருள் வாங்கத்தான் பயன்படுத்தலாம்னு இருந்துச்சு. எங்க லஞ்ச் கிளப்புக்கு புது குக்கர் வாங்க கேக்க முடிஞ்சது, ஆனா அதுல சமைக்கற அம்மாவுக்கு வாரத்துல ஆறு மணி நேர சம்பளம் குடுக்க கேக்க முடியல. ஃபண்டு வேற ஒவ்வொரு வருஷமும் மார்ச்சுக்குள்ள செலவாகணும்னு ஓடுச்சு, விண்ணப்பம் திறந்ததே லேட்டு, அதுக்குள்ள கட்டட வேலைக்கு ஆள் கிடைக்கணும், கிராமத்துல பில்டர் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு இருந்தவங்களுக்கு தெரியும். முடிவு எடுத்தது கவுன்சில் ஆபீஸ்ல. நாங்க போட்ட ஒரு விண்ணப்பத்துக்கு பதில் வர்றதுக்குள்ள கொட்டேஷன் காலாவதி ஆயிடுச்சு, திருப்பி வாங்கினா விலை ஏறியிருந்துச்சு, இது எங்க ஊர் கதை மட்டும் இல்ல, பக்கத்து ரெண்டு ஹால்லயும் அதேதான்.

இத எங்க போய் சொல்றது? எம்பிக்கு லெட்டர் போட்டோம், மரியாதையா பதில் வந்துச்சு, அவ்வளவுதான். அப்பதான் ஹால் கமிட்டில இருக்கற ஒரு ரிட்டயர்டு அதிகாரி, கிராமத்து நிதி பத்தி ஒரு செலக்ட் கமிட்டி விசாரணை ஆரம்பிச்சிருக்கு, எவிடன்ஸ், அதாவது எழுத்துல தகவலும் கருத்தும் கேக்கறாங்க, நீங்கதான கணக்க வச்சிருக்கீங்க எழுதுங்கன்னாரு.

செலக்ட் கமிட்டின்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஒவ்வொரு அமைச்சகத்தையும் கண்காணிக்க 1979-ல இருந்து கீழ்சபையான காமன்ஸ்ல தனித்தனி கமிட்டி இருக்கு, பல கட்சி எம்பிங்க கலந்து இருப்பாங்க, 2010-ல இருந்து பெரும்பாலான கமிட்டிக்கு தலைவர மொத்த சபையும் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குது, கட்சி கொறடாவால அவர நியமிக்க முடியாது. விவசாயமும் கிராமமும் டெஃப்ரா அமைச்சகத்துக்கு கீழ, அதுக்கு இஃப்ரா கமிட்டி. செலவ துருவுறது பப்ளிக் அக்கவுண்ட்ஸ் கமிட்டி, 2022 ஜனவரில அவங்கதான் புது விவசாய மானியத் திட்டத்துல விவரமே பத்தலன்னு டெஃப்ராவ வறுத்தெடுத்தாங்க. மேல்சபையான லார்ட்ஸ்ல தனியா ஒரு கமிட்டி 2019 ஏப்ரல்ல கிராமப் பொருளாதாரத்துக்கு தனி ஸ்ட்ராட்டஜி வேணும்னு பெரிய ரிப்போர்ட்டே போட்டுச்சு. முன்னாடி ஏழு வருஷ பட்ஜெட்ட ஐரோப்பிய யூனியன் பிரசெல்ஸ்ல பாத்துக்கிட்டாங்க, இப்ப எல்லாம் இங்க ட்ரஷரி (நிதியமைச்சகம்) கையில. அப்ப கேள்வி கேக்க வேண்டிய இடமும் வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமென்ட்தான்.

எழுதறதுக்கு முன்னாடி அவங்க போட்டிருக்கற கேள்விப் பட்டியல நல்லா படிங்க, டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்னு இருக்கும். எல்லா கேள்விக்கும் பதில் சொல்லணும்னு இல்ல, நமக்கு நேர்ல தெரிஞ்சதுக்கு மட்டும் எழுதினா போதும். நான் ரெண்டு கேள்விக்குத்தான் எழுதினேன். 3,000 வார்த்தைக்குள்ள இருக்கணும், பாராவுக்கு நம்பர் போடணும், வேர்டு ஃபைலா அவங்க ஃபார்ம்லயே அப்லோடு பண்ணணும், பிடிஎஃப் வேண்டாம்பாங்க. ஆரம்பத்துல நாம யாரு, ஏன் எழுதறோம்னு ஒரு பாரா. ஏற்கனவே வேற எங்கயும் வெளியிட்டதா இருக்கக்கூடாது. கோர்ட்ல நடக்கற வழக்க பத்தி எழுதக்கூடாது. தனிப்பட்ட ஒருத்தரோட கேஸ கமிட்டி எடுத்து தீர்த்து வைக்காது, இது ரொம்ப முக்கியம், எங்க அப்ளிகேஷன வேகமா பாஸ் பண்ணுங்கன்னு எழுதினா அது வீண். எங்களுக்கு நடந்தத வச்சு ரூல்ல எங்க தப்பு இருக்குன்னு காட்டணும்.

நான் அப்படித்தான் பண்ணேன். கவுன்சில் பேர போடல, யார் மேலயும் பழி போடல. விண்ணப்பம் திறந்த தேதி, பதில் வந்த தேதி, கொட்டேஷன் ரெண்டு, வித்தியாசம் எவ்வளவு, லீடர் காலத்துல அதே ஹாலுக்கு எப்படி நடந்துச்சு, இத பக்கத்துல பக்கத்துல வச்சேன். லீடர்ல இருந்த தொல்லையையும், அந்த லேட் பேமென்ட் விஷயத்தையும் சேத்தே எழுதினேன், பழசு எல்லாம் தங்கம்னு எழுதினா படிக்கறவங்க நம்பமாட்டாங்க, அது உண்மையும் இல்ல. கடைசில மூணே கோரிக்கை. ஒண்ணு, பணம் ஒரு வருஷத்துக்குன்னு இல்லாம குறைஞ்சது மூணு வருஷத்துக்கு உறுதியா வேணும். ரெண்டாவது, ஒரு பங்காவது சம்பளத்துக்கும் நடத்தற செலவுக்கும் விடணும். மூணாவது, முடிவு எடுக்கற மேசையில அந்த ஏரியா ஆளுங்களுக்கு அறிவுரை சொல்றதோட நிக்காம ஓட்டும் வேணும்.

இந்த மூணாவதுதான் எனக்கு பெருசா பட்டது, இப்பவும் படுது. பணம் குறைஞ்சா எப்படியாவது சமாளிச்சுக்கலாம், கேக் வித்து கூட சேத்துடுவாங்க இந்த ஊர் ஆளுங்க. ஆனா முன்னாடி முடிவு எடுத்துக்கிட்டு இருந்தவங்கள விண்ணப்பம் போடறவங்களா மாத்திட்டாங்க, அத பத்தி ஒரு விவாதமும் நடக்கல, திட்டம் மாறினப்ப அதுவும் சேந்து காணாமப் போயிடுச்சு. யூனியன்ல இருந்து வெளிய வந்தா கட்டுப்பாடு நம்ம கைக்கு வரும்னு 2016 வாக்கெடுப்புல சொன்னாங்க, எங்க ஊர்ல நிறைய பேர் அத நம்பித்தான் ஓட்டு போட்டாங்க, அந்த நம்பிக்கைய நான் குறை சொல்லமாட்டேன். அவங்களுக்கு அந்த கட்டுப்பாடு வந்து சேரணும்னுதான் எழுதினேன்.

அனுப்பினதும் ஏத்துக்கிட்டதா உடனே வராது. கமிட்டி கூடி ஏத்துக்கிட்டாத்தான் அது எவிடன்ஸ், அதுக்கப்புறம் ஒரு நம்பர் குடுத்து வெளியிடுவாங்க. அதுவரைக்கும் நாம வேற எங்கயும் போடக்கூடாது. ஏத்துக்கிட்டப்புறம் அதுக்கு பார்லிமென்ட் பாதுகாப்பு இருக்கு, அதுல எழுதினதுக்காக யாரும் நம்ம மேல கேஸ் போட முடியாது. பேர் வெளிய வர வேண்டாம்னா முன்னாடியே கேக்கலாம், சமையல் அம்மா விஷயத்துல நான் கேட்டேன், அந்த பகுதிய அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி போட்டாங்க. அங்க வேலை பாக்கறவங்க ரொம்ப நல்லா பேசினாங்க, ஃபோன் போட்டா எடுத்தாங்க.

பெரும்பாலும் நேர்ல சாட்சி சொல்ல சங்கங்களையும் நிபுணர்களையும்தான் கூப்பிடுவாங்க, எங்கள கூப்பிடல. ஆனா வீடியோல ஒரு சின்ன கலந்துரையாடல் வச்சாங்க, அதுல ஒரு உறுப்பினர் என்னோட பாரா நம்பர சொல்லி, இந்த கேபிடல் கண்டிஷன் இல்லன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டாரு. படிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுவுல 2024 எலெக்‌ஷன் வந்துடுச்சு. மே 30-ம் தேதி பார்லிமென்ட் கலைஞ்சதும் எல்லா செலக்ட் கமிட்டியும் அதோட முடிஞ்சு போகும், பாதில நிக்கற விசாரணையும் சேத்துதான். எங்களோடதும் ரிப்போர்ட் வராமயே நின்னுச்சு. செப்டம்பர்ல புதுத் தலைவர்கள தேர்ந்தெடுத்தாங்க, இஃப்ராவுக்கு அலிஸ்டர் கார்மைக்கேல், ஸ்காட்லாந்து தீவுப் பகுதி எம்பி. புது கமிட்டி பழச தொடரணும்னு கட்டாயம் இல்ல. ஆனா வெளியான எவிடன்ஸ் வெப்சைட்ல அப்படியே இருக்கும், அந்த நம்பர காட்டி மறுபடி எழுதலாம். நானும் புது கணக்கோட எழுதினேன். அதுக்குள்ள கிராம ஃபண்ட 2025-26-க்கு ஒரே ஒரு வருஷம் நீட்டிச்சு 33 மில்லியன்னு சொல்லியிருந்தாங்க, மறுபடி ஒரு வருஷம்தான். 2025 மார்ச் 11-ம் தேதி சுற்றுச்சூழல பாத்துக்கற விவசாயிங்களுக்கு காசு தர்ற எஸ்எஃப்ஐ திட்டத்துக்கு புது விண்ணப்பம் வாங்கறத அறிவிச்ச அன்னிக்கே மூடினாங்க, எங்க பக்கத்து பண்ணைக்காரர் ஃபார்ம் பாதி நிரப்பி வச்சிருந்தாரு. இதையும் ஒரு பாராவா சேத்தேன், அவர் சம்மதத்தோட.

ரிப்போர்ட் வந்தா அரசு ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும்னு வழக்கம். பரிந்துரைய ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஏன் ஏத்துக்கலன்னு சொல்லணும், அது பதிவுல நிக்கும், அடுத்த தடவ அமைச்சர் வந்து உக்காரும்போது அத வச்சே கேப்பாங்க. நான் அனுப்பின ரெண்டாவது எவிடன்ஸ் ஏத்துக்கிட்டதா மெயில் வந்துடுச்சு.

பார்லிமென்ட் கமிட்டி வெப்சைட்ல இப்ப எவிடன்ஸ் கேட்டுட்டு இருக்கற விசாரணை எல்லாம் தனி லிஸ்ட்டா இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவையாவது பாருங்க. ஒவ்வொரு விசாரணை பக்கத்துலயும் கமிட்டி ஆபீஸ் மெயில் ஐடி இருக்கும், தேதி தாண்டிடுச்சுன்னா கூட கேட்டுப் பாருங்க, சில சமயம் வாங்கிப்பாங்க.