கப்பல் போன மறுநாள்

மொரீஷியசில் தமிழ் ஆசிரியராக இருப்பவரின் வேலை பாடநூலோடு முடிவதில்லை. தைப்பூசக் காவடிக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, பொங்கல் விழாவுக்குப் பேச்சு எழுதித் தருவது, தமிழ் நாடகப் போட்டிக்கு ஒரு குழுவைத் தயார் செய்வது என எல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும். ரோஸ்ஹில் பக்கத்துப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில் நான் மேடையேற்றியவை பெரும்பாலும் அரிச்சந்திரன், கண்ணகி, நந்தனார் போன்ற பழகிய கதைகள்தான். அவற்றுக்கு நடுவே ஒருமுறை, வேற்றுக் கோள் ஒன்றில் விண்கப்பலை இழந்து தவிக்கும் ஆய்வாளர்களைப் பற்றிய நாடகத்தை நெறியாள நேர்ந்தது. என் பணிக்காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த நாடகமும் அதுவே.

கதை என்னுடையதன்று, நான்காம் படிவத்துப் பிள்ளைகளுடையது. அவர்கள் எழுதிவந்த முதல் வரைவில் கப்பல் முதற்காட்சியிலேயே வெடித்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஐந்து காட்சிகளிலும் கொம்பு முளைத்த பூதங்களோடு சண்டை. பூதங்களின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனால் பூதம் மேடைக்கு வந்துவிட்டால் எழுதுபவருக்கு வேலை குறைந்துவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இரவில் யார் விழித்திருந்தார்கள், காயம்பட்டவரின் பங்கு வேலையை யார் செய்தார்கள் என்று அதன்பின் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே பூதங்களை அப்படியே இருக்கவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: கப்பல் போய்விட்டது, உயிரோடு ஏழு பேர் இருக்கிறீர்கள், மறுநாள் காலையில் முதல் வேலை என்ன? வகுப்பில் யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முயன்றவர்களும் ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டிப் பேசினார்கள். அந்த வாக்குவாதத்தை அப்படியே எழுதி வரச் சொன்னேன். நாடகம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

கோளைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் பெரிதும் உதவினார். கற்பனைப் பெயர் வைக்க வேண்டாம், இருக்கிற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதன்பேரில் பிராக்சிமா சென்டாரி பி என்னும் கோளில் கதையை நிறுத்தினோம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை அது சுற்றிவருகிறது. அதன் கண்டுபிடிப்பு 2016 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தன் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 75 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், அங்கே ஓர் ஆண்டு என்பது நம்முடைய பதினொரு நாளைவிடச் சற்றே கூடுதல். அவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தன் விண்மீனுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒரு பாதி ஓயாத பகல், மறுபாதி ஓயாத இரவு, இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட அந்தி. எங்கள் ஆய்வாளர்களை அந்த அந்தி வளையத்தில் இறக்கினோம். அந்தச் செங்குறு விண்மீன் அவ்வப்போது சீறி வெளியிடும் கதிர்வீச்சு கப்பலின் மின்கருவிகளைச் செயலிழக்கச் செய்ய, இறங்கிய பனித்தரை பிளந்து கப்பல் உள்ளே போய்விடுகிறது. வெடிச்சத்தமெல்லாம் இல்லை.

எல்லாவற்றையும் விடத் தொலைவுதான் பிள்ளைகளைத் தடுமாற வைத்தது. அந்த விண்மீன் 4.2 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. ‘காப்பாற்றுங்கள்’ என்று இன்று அனுப்பும் செய்தி பூமியை வந்தடைய நான்கு ஆண்டுக்கு மேலாகும், அதற்குப் பதில் வந்து சேர மீண்டும் அத்தனை காலம். கணக்குப் போட்டுப் பார்த்த மாணவன் ஒருவன், “எட்டரை வருடமா? அதற்குள் நான் படிப்பை முடித்து வேலைக்கே போயிருப்பேன், மிஸ்” என்றான். வரைவில் தலைவர் பக்கம் பக்கமாகப் பூமியோடு பேசிக்கொண்டிருந்த வசனங்களை அன்று மாலையே அவர்களாகவே அடித்துவிட்டார்கள். அவற்றோடு தலைவரின் அதிகாரமும் பாதி போயிற்று. கட்டளையிடும் உரிமை அவருக்குக் கப்பலால் வந்தது. கப்பலும் இல்லை, கப்பலை அனுப்பியவர்களின் குரலும் இல்லை என்றான பிறகு மற்ற ஆறு பேர் அவர் சொல்லுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி எங்கள் இரண்டாம் காட்சியாயிற்று.

மூன்றாம் காட்சி காற்றைப் பற்றியது. பிராணவாயு தீர்ந்து மூச்சுத் திணறிச் சாவதைத்தான் எல்லாரும் நடிக்க விரும்பினார்கள். ஆனால் மூடிய அறைக்குள் அதற்கு முன்பே ஆளை வீழ்த்துவது நாம் வெளிவிடும் கரியமில வாயு. ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்கு அதை வெளிவிடுகிறார். அது சேரச் சேரத் தலைவலி, குழப்பம், தூக்கம், பிறகு நினைவிழப்பு. 1970 ஏப்ரலில் நிலவுக்குச் சென்ற அப்போலோ 13 கலத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்தபோது மூன்று வீரர்களும் நிலவில் இறங்குவதற்கான சிறுகலத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் அளவுக்குத் தங்குவதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கலத்தில் மூவர் நான்கு நாள் அளவுக்கு உயிர் பிழைத்திருக்க வேண்டியிருந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் போதுமான அளவு இருந்தும், அவை சதுரமானவை. சிறுகலத்தின் துளையோ வட்டமானது. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் நாடா, விண்ணுடையின் குழாய் ஆகியவற்றைக் கொண்டு சதுரத்தை வட்டத்தோடு இணைக்கும் வழியைப் பூமியிலிருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்து, வானொலி வழியே ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஏழு பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்பதே வேறுபாடு.

இந்தக் காட்சியை ஒத்திகை பார்த்த நாள்களில்தான் இத்தனை ஆண்டு நாடகப் பயிற்சியில் நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளியில் கற்ற மொழி; வீட்டிலும் விளையாட்டிலும் கிரியோல்தான். உணர்ச்சி ததும்பும் நீண்ட வசனத்தைக் கொடுத்தால் தேர்வுக்கு ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். இங்கோ “அந்த முனையைப் பிடி”, “இன்னும் கொஞ்சம் இழு”, “விடாதே, விடாதே, கிழியும்” என்று கைவேலைக்கு ஒட்டிய சிறுசிறு வசனங்களே இருந்தன. நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, கிழிந்த துண்டைக் கட்டைவிரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பையின் வாயைச் சுருக்கிப் பிடித்த ஒரு மாணவி, வசனம் பேசுகிறோம் என்பதையே மறந்து தோழியை அதட்டினாள். அவ்வளவு இயல்பான தமிழ் அவள் வாயிலிருந்து வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதன்பிறகு எல்லாக் காட்சியிலும் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை கொடுத்தேன்.

இவ்வளவும் ஆன பிறகும் நாடகத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் மாயேபூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா அமைந்தது. 1744-இல் எங்கள் தீவின் வடகிழக்குப் பவளப்பாறையில் மோதி உடைந்த சேன் ஜெரான் கப்பலின் மணி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி நின்றபோது, 2020-இல் வாக்காஷியோ கப்பல் அந்த அருங்காட்சியகம் இருக்கும் தென்கிழக்குக் கரையில் தரைதட்டி எண்ணெய் கசிந்த நாள்களைப் பற்றிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எண்ணெய் பரவாமல் தடுக்க வைக்கோல் திணித்த மிதவைகள் தைக்கப் போன வீடுகள் பல. நான் அவர்களுக்கு டிரோமெலின் தீவின் கதையைச் சொன்னேன். அத்தீவின் பெயர் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் மொரீஷியஸ் அதற்கு உரிமை கோருகிறது, பிரான்ஸ் அதை ஆள்கிறது. அங்கே என்ன நடந்தது என்பது தெரிந்தவர்கள்தான் குறைவு.

1761 ஜூலை 31 இரவில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘லூட்டில்’ என்ற கப்பல், தடையை மீறி மடகாஸ்கரில் ஏற்றிய ஏறத்தாழ 160 அடிமைகளோடு, ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள அந்த மணல்திட்டின் பாறையில் மோதிற்று. அடிமைகள் அடைக்கப்பட்டிருந்த அடித்தளத்தின் கதவுகள் மூடியிருந்ததால் அவர்களில் பலர் கப்பலோடு மாண்டார்கள். பிழைத்தவர்கள் கிணறு தோண்டினார்கள். உடைந்த மரங்களைக் கொண்டு, முதல் துணைத்தலைவர் காஸ்டெல்லானின் மேற்பார்வையில், புதிய படகொன்றைக் கட்டினார்கள். அதில் ஏறியவர்கள் வெள்ளையர் 122 பேர் மட்டுமே. மூன்று மாத உணவையும் திரும்பி வருவோம் என்ற வாக்கையும் கொடுத்துவிட்டு, மடகாஸ்கர்க்காரர்கள் அறுபது பேரை அங்கேயே விட்டுப் புறப்பட்டார்கள். அனுமதியின்றி அடிமைகளை ஏற்றியதற்குச் சினந்த ஆளுநர், போர்க்காலத்தில் சோறு போட வேண்டிய வாய்கள் கூடும் என்று மீட்புக் கப்பல் அனுப்ப மறுத்துவிட்டார். அந்த ஆளுநர் இருந்தது இதே தீவில், இதே போர்ட் லூயிஸில். புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் அப்போதே இங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதினைந்து ஆண்டு கழித்து, 1776 நவம்பர் 29 அன்று, ஒரு போர்க்கப்பல் அங்கே சென்றடைந்தபோது ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தையும் எஞ்சியிருந்தார்கள். மரமே இல்லாத அந்தத் திட்டில் கப்பல் மரத்தைக் கொண்டு நெருப்பு அணையாமல் காத்து, கடற்பறவைகளையும் ஆமைகளையும் உண்டு, இறகுகளைப் பின்னி உடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். 2006 முதல் அங்கே நடந்த அகழாய்வுகள் பவளக்கல்லாலும் கடற்கரைப் பாறையாலும் அடுக்கிய தடித்த சுவர்களையும், திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டுப் பயன்படுத்திய செப்புப் பாத்திரங்களையும் வெளிக்கொணர்ந்தன. மடகாஸ்கர் மரபில் கல்கட்டடம் இறந்தவர்களுக்கு உரியது; உயிரோடு இருப்பவர்கள் கல்லுக்குள் குடியிருக்கமாட்டார்கள். புயலுக்குத் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த வழக்கத்தையே அவர்கள் விட்டிருக்கிறார்கள். புயல் எச்சரிக்கையின் ஒவ்வொரு நிலையும் மனப்பாடமாகத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழில் இப்படி ஒரு கதை இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். மணிமேகலையில் சாதுவன் இருக்கிறான்: காற்றில் கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் மலையில் கரையேறுகிறான். அவர்கள் மொழி தெரிந்திருந்ததால் பிழைக்கிறான். அவன் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது, இனி உடைந்த கலத்திலிருந்து கரையேறும் எவரையும் கொல்லாதீர்கள் என்று நாகர் தலைவனிடம் கேட்டுக்கொண்டதுதான். தனக்குப் பின்னால் வருகிறவனுக்காகக் கேட்கிறான். ஆபுத்திரனின் கதை அதைவிடக் கொடியது. மணிபல்லவத் தீவில் இறங்கியவன் திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விடுகிறது.

இவற்றைக் கேட்ட பிறகு பிள்ளைகள் எழுதிய முடிவில், கோளைச் சுற்றிவரும் ஆளில்லாச் சரக்குக் கலத்தை அடைய ஒரு சிற்றூர்தி எஞ்சியிருக்கிறது. அதில் மூவர் மட்டுமே போகலாம். யார் போவது என்பதில் அவர்கள் நாடகத்துக்குள் சண்டையிட்டதைவிட வகுப்பில் அதிகம் சண்டையிட்டார்கள். சீட்டுக் குலுக்கலாம் என்றார்கள் சிலர். காயம்பட்டவர் போகட்டும் என்றார்கள் வேறு சிலர். தலைவராக நடித்தவன், காற்றுப் பெட்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தே ஆக வேண்டும், தெரியாதவர்கள் போகலாம், எனக்குத் தெரியாது, ஆகவே நான் போகிறேன் என்று வாதாடினான். அதை வெட்கமில்லாத பேச்சு என்று மற்றவர்கள் கூச்சலிட்டாலும், தர்க்கத்தில் யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த வாதம் அப்படியே நாடகத்தில் இடம்பெற்றது. மூவர் போகிறார்கள். எஞ்சிய நால்வர் காவல் முறையை நால்வருக்கேற்ப மாற்றி எழுதுகிறார்கள், கதவுக்கருகே பின்வருவோருக்கென்று தண்ணீர் கிடைக்கும் இடத்தைக் குறித்து வைக்கிறார்கள்.

போட்டியில் மேடைப்பொருளுக்கு மட்டும் பரிசு கிடைத்தது. கதையில் வில்லன் இல்லை என்றார் ஒரு நடுவர். மீட்புக் கப்பல் வந்ததாகக் காட்டியிருக்கலாமே என்று இன்னொருவர் கேட்டதற்கு, “எட்டரை வருடம் ஆகும், சார், எங்களுக்குக் கொடுத்த நேரம் போதாது” என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தான் அந்தக் கணக்குக்கார மாணவன். பின்னர் பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் அதே நாடகத்தைப் போட்டபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கேட்டது வேறு: போன மூவரும் போய்ச் சேர்ந்தார்களா? அதற்கொரு காட்சி சேர்க்கலாம் என்று பிள்ளைகளில் பாதிப் பேர் பிடிவாதமாக இருந்தார்கள். டிரோமெலினில் விடப்பட்டவர்களுக்கு, போன படகு கரைசேர்ந்ததா என்பது ஆண்டுக்கணக்கில் தெரியாது, நமக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும் என்று நான் மறுத்தேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் காட்சியைத் தாங்களே எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.