ஆமென் சொன்ன பிறகு

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, அது ஆண்டவருடைய சொல்தானே?" நான், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றேன். வேதத்தில் உள்ள பதில்தான். ஆனாலும் அதை இன்றுவரை மனதுக்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அந்த அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னதைப் பற்றித்தான் அவர் கேட்டார். போர் முடிந்த 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கடைசியாகக் கண்ட மகன் உயிரோடிருக்கிறான், வருவான். ஆனால் குடும்பத்தில் மறைந்திருக்கும் பாவம் ஒன்று தடையாக நிற்கிறது, மனந்திரும்பினால் அது விலகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்குச் சந்திப்புக்குப் போகிறவர்கள் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் எங்களைப் போன்ற உபதேசியார்கள்.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. தீர்க்கதரிசனம் என்றால் நாளை நடப்பதை இன்று சொல்வது என்றே எங்கள் சபைகளிலும் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நாற்பது நாளில் நினிவே நகரம் கவிழ்க்கப்படும் என்று யோனா தீர்க்கதரிசி கூறினான். ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான், நகரம் தப்பியது. அந்தச் சொல் அனுப்பப்பட்டதே அது நிறைவேறாமல் போவதற்காகத்தான். எரேமியா 18ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: ஒரு ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், தேவனும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யமாட்டார். இரக்கத்துக்கு வழிவிடுகிற இந்த நிபந்தனையைத்தான் அந்தப் பிரசங்கியார் ஒரு தாயின் கழுத்தில் சுருக்காகப் போட்டுவிட்டார். மகன் வந்தால் தீர்க்கதரிசனம் பலித்தது. வராவிட்டால் அவள் சரியாக மனந்திரும்பவில்லை. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று உபாகமம் 18 வைத்த சோதனைக்கு இங்கே இடமே இல்லை.

ஆகவே பாவத்தைப் பற்றிய பகுதிக்கு நான் தயங்காமல் பதில் சொன்னேன். லூக்கா 13ஐ எடுத்தேன். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றதையும், சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததையும் பற்றி இயேசு பேசுகிற இடம். (1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்ததை நினைக்காமல் இந்தப் பகுதியை எங்களால் வாசிக்க முடியாது.) இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்." அங்கே வேதாகமத்தை மூடினேன். வசனம் அங்கே முடியவில்லை. "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்று தொடர்கிறது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க என்னால் முடியவில்லை. முடியவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அப்போதுதான் அவர் தன் வேதாகமத்தை எடுத்து வந்தார். மட்டை கழன்று, றப்பர் பாண்ட் போட்டு இறுக்கியிருந்தார். எரேமியா 29இல் வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை. அதற்குப் பின்னால் மகனுடைய பாஸ்போட் அளவுப் படம், முறைப்பாடு பதிந்த ரசீதின் போட்டோப் பிரதி. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற அந்த 11ஆம் வசனம் எங்கள் ஊரில் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முந்திய வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரும் நாளைக் காணாமலே இறந்திருப்பார்கள். அட்டையில் அது அச்சாவதில்லை. வசனத்தைத் துண்டாக வெட்டக்கூடாது என்று வாலிபர் கூட்டத்தில் எவ்வளவோ தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்கு முந்திய 28ஆம் அதிகாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று சொல்கிறான். எரேமியா உடனே மறுக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறான். ஏளனமாகச் சொன்னது அது என்று சிலர் விளக்குவார்கள். நான் அதை ஏற்பதில்லை. சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பவேண்டும் என்று அவனும் உள்ளபடியே விரும்பினான். நானும் விரும்பினேன். ஆனால் எரேமியா அதோடு நிற்கவில்லை. சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் அனுப்பப்பட்டவன் என்று தெரியும் என்றும் சொன்னான். நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் போதகரிடம் இதைச் சொன்னபோது, சமாதானம் இல்லாதிருக்கச் சமாதானம் என்று சொல்லி, சாரமற்ற சாந்து பூசுகிறவர்களைப் பற்றி எசேக்கியேல் சொன்னதை நினைவூட்டினார். கடுமையாகத்தான் பட்டது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கடிதங்களையும் படங்களையும் சுமந்துகொண்டு 2017இலிருந்து வீதியோரக் கொட்டில்களில் இருக்கும் தாய்மாருக்கு, மகன் இருக்கிறானா இல்லையா என்று அரசே ஆதாரத்தோடு ஒரு பதில் சொல்லவில்லை. அப்படியிருக்க, "வரமாட்டான்" என்று சொல்ல நான் யார்? "வருவான்" என்று சொல்லவும் நான் யார் என்பது உடனே எழுகிற மறுகேள்வி. ஆமென் சொன்னது இந்த இரண்டில் எதில் சேரும்?

இன்னொன்றும் நடந்தது, அதுதான் என்னை அதிகம் குழப்புகிறது. மறைந்த பாவம் எது என்று தேடிய அந்த அம்மா, வேலி எல்லையில் நின்ற ஒரு பனைக்காகப் பல வருஷம் பேசாமலிருந்த தங்கையின் வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டார். இப்போது இருவரும் ஒன்றாக ஆராதனைக்கு வருகிறார்கள். மனந்திரும்புதலின் கனி இது இல்லையென்றால் வேறு எது? நான் பொய் என்று நினைக்கிற ஒரு வாக்கிலிருந்து அது விளைந்தது. நான் வாசிக்காமல் மூடிய அந்தப் பாதி வசனம் கேட்பதும் இதைத்தானே. ஆனாலும் மகன் வருவதற்கு விலையாக அவர் அதைச் செய்தார் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதே கொதிப்பு இப்போதும் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தி வருகிற லெந்து காலத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி லூக்கா 13, முதல் ஒன்பது வசனங்கள். "அப்படியல்ல" என்பதும், "மனந்திரும்பாமற்போனால்" என்பதும், காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிற தோட்டக்காரனும் எல்லாம் அதில் இருக்கிறார்கள். சகோதரிகள் இருவரும் மூன்றாவது வாங்கில் இருப்பார்கள். இந்தத் தடவை முழுவதையும் வாசிப்பேன். வாசித்த பிறகு என்ன சொல்வது என்பதை இன்னும் எழுதவில்லை.