பூவில் விருந்து, பட்ட மரத்தில் பிறப்பு: கிளென் அஃப்ரிக் காட்டில் ஒரு வண்டு

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரிலிருந்து கேனிக் கிராமம் வழியாக கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்குக்கு நான் போனதே ஒரு வண்டைப் பார்க்கத்தான். அங்குள்ளவர்கள் பீ பீட்டில், அதாவது தேனீ வண்டு என்பார்கள். அறிவியல் பெயர் டிரைக்கியஸ் ஃபேசியேட்டஸ். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்த இந்த வண்டு ஐரோப்பாவில் தொடங்கிக் கிழக்கே சைபீரியா வரை பரவியிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் இதைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக்கோ வேல்ஸுக்கோதான் போக வேண்டும்.

ஜூலை மாதம். டாக் ஃபால்ஸ் அருவிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். பாதையோரமெல்லாம் ஊதாப் பூக்களோடு திசில் முட்செடிகள். மேகம் மூடியிருந்தவரை எதுவும் வரவில்லை. வெயில் வந்ததும் பம்பிள்பீ என்னும் குண்டுத் தேனீ மாதிரி ஒன்று ரீங்காரமிட்டபடி வந்து ஒரு பூவில் தொப்பென்று இறங்கியது.

குனிந்து பார்த்தேன். தேனீ இல்லை, அவர்தான்! ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம். தலைக்குப் பின்னால் மஞ்சளும் பழுப்புமாக அடர்ந்த ரோமம். ஆரஞ்சு மஞ்சள் இறக்கை உறைகளில் பட்டையான கறுப்புக் கோடுகள். கொட்டவே தெரியாத பூச்சிக்கு இந்தத் தேனீ வேஷம் பெரிய கவசம். தலையைப் பூவுக்குள் புதைத்து மகரந்தத்தை மேய்ந்துகொண்டிருந்தது. ரோமத்தில் ஒட்டிய தூளோடு அடுத்த பூவுக்குத் தாவியது. காட்டுத் தைம், பிராம்பிள் பூக்களுக்கும் இது வருமாம்.

சரி, திசில் செடி பிரிட்டன் முழுக்க இருக்கிறதே, வண்டு மட்டும் ஏன் எல்லா இடத்திலும் இல்லை? பூ இதற்குச் சாப்பாட்டு இடம் மட்டும்தான். பிள்ளைகள் வளர்வது மட்கும் மரத்துக்குள், இங்கே முக்கியமாக பிர்ச் மரத்தில். பாதையிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால் அப்படிப்பட்ட பிர்ச் மரங்கள் நிறைய விழுந்து கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை காகிதம் போல் முறுக்காக இருந்தது. உள்ளே கட்டை விரலால் அழுத்தினாலே உதிர்கிற அளவுக்கு மரம் இளகிப்போயிருந்தது. அருகிலேயே குளம்பு வடிவில் பூஞ்சைகள். இப்படிக் காளான் பிடித்து இளகிய கட்டைதான் இந்த வண்டின் வெண்ணிறப் புழுக்களுக்கு ஆகாரமும் வீடும். முழு வண்டாக வெளியே வர ஓரிரு வருடங்கள் ஆகும். பூக்களில் நாம் பார்ப்பது கடைசிச் சில வாரங்களைத்தான்.

அதனால்தான் காட்டைச் "சுத்தம்" செய்கிறோம் என்று விழுந்த மரங்களை அள்ளிக்கொண்டு போவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. பூச்செடியை விட்டுவைத்தாலும் இந்த வண்டுக்கு அடுத்த தலைமுறை இருக்காது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். திசில் பூக்களை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். கட்டைகளைப் பிளந்து புழுவைத் தேட வேண்டாம். அப்புறம், முழுக்கைச் சட்டை அவசியம். மிட்ஜ் என்னும் பொடிக் கொசுக்கள் காற்று நின்றதும் மொய்த்துவிடும்.