வெயில் இருக்க விளக்கு எதற்கு?

கண்ணாடிக் கூடங்களில் வளரும் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அதனால் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் கஞ்சாவை அறைக்குள் வளர்ப்பதா, வெயிலில் வளர்ப்பதா என்ற பேச்சு வந்தால், என் மனசு நேராக மின்சார மீட்டருக்குத்தான் போகும்.

தெளிந்த உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அளவு) ஒளி விழுகிறது. அறைக்குள் அதில் பாதியைக் கொண்டுவருவதற்கே கூரை முழுக்க விளக்கு மாட்ட வேண்டும். பழைய சோடியம் விளக்கு ஒன்றே 1,000 வாட் இழுக்கும். எல்இடி வந்தபிறகு இந்தச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் விளக்குக்குப் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்ளேயே நிற்கிறது. அதை வெளியே தள்ள ஏசி ஓட வேண்டும். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகக் காற்றில் கலக்கிறது. ஈரம் மிஞ்சினால் பூங்கொத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், அதை உறிஞ்ச இன்னொரு இயந்திரம்.

2021-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுக்க இதைக் கணக்கிட்டார்கள். அறைக்குள் வளர்த்த ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, ஊரைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான மாசு. ஒரு கிலோவுக்கு! இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

இத்தனைக்கும் இந்தச் செடி நிழல் கேட்கும் செடி இல்லை. வெயிலை வாங்கி வாங்கி வளர்வது. அதை அறைக்குள் விரட்டியதில் போலீசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1983-இல் கலிஃபோர்னியாவில் ஹெலிகாப்டரில் பறந்து தோட்டங்களைத் தேடி அழிக்கும் நடவடிக்கை தொடங்கியது. வானத்திலிருந்து தெரியாமல் இருக்கப் பலர் கூரைக்கடியில் போனார்கள். 2016-இல் அதே மாநிலம் வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தை மாற்றிவிட்டது. அறைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

அறையில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருஷம் முழுக்க ஒரே மாதிரி அறுவடை கிடைக்கும். பக்கத்து ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சா இனச் செடி) வயலிலிருந்து மகரந்தம் பறந்து வந்து பூவெல்லாம் விதையாகிவிடும் பயமும் இல்லை. ஆனால் அறைச் சரக்குதான் உசத்தி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2023-இல் இரண்டு விதமாகவும் வளர்த்த ஒரே ரகச் செடிகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, வெளியில் வளர்ந்தவற்றில்தான் வாசனைச் சேர்மங்கள் அதிகம் இருந்தன.

சரி, பூக்க வைப்பது எப்படி என்று கேட்பார்கள். பெரும்பாலான ரகங்களுக்கு நீண்ட இரவு வேண்டும். கோடையில் அது கிடைக்காது. அதற்குக் கண்ணாடிக் கூடத்தின் மேல் சாயங்காலமே கறுப்புத் திரையை இழுத்து மூடி, பன்னிரண்டு மணி நேர இருட்டைக் கொடுக்கிறார்கள். சாமந்திக்கு இதைப் பல காலமாகச் செய்துவருகிறோம். திரையை இழுக்க ஒரு சின்ன மோட்டார் போதும்.