எட்டாவது மேடு

போன சனிக்கிழமை அண்ணியும் நானும் தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் சவுத் டவுன்ஸ் வே நடைபாதையை முடித்துவிட்டோம். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். லீவு கிடைத்தபோதெல்லாம் துண்டு துண்டாக நடந்து, இரண்டு வருடத்தில் மிச்சம் இருந்தது ஆல்ஃப்ரிஸ்டனிலிருந்து கடலோரமாகப் போகும் கடைசிப் பகுதி. சுமார் 17 கிலோமீட்டர்.

குக்மியர் ஆற்றங்கரையில் தரை சமம், பேசிக்கொண்டே போகலாம். வெஸ்ட்டீன் தாண்டியதும் காட்டுக்குள் படிக்கட்டு. அண்ணிக்கு முட்டி வலி உண்டு. பழனிப் படி ஏறுகிறவர் போல, பேச்சை நிறுத்திவிட்டு ஒரே சீராக ஏறினார். மேலே ஒரு கல்சுவர். அதில் சாய்ந்து பார்த்தால், ஜிலேபி பிழிந்த மாதிரி ஆற்றின் வளைவுகள். ஆறு இப்போது பக்கத்தில் நேராக வெட்டிய கால்வாயில் ஓடுகிறது. பழைய வளைவுகளில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது.

அப்புறம் செவன் சிஸ்டர்ஸ். கடல் பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்ட சுண்ணாம்பு மேடுகளின் வரிசை. முதல் மேடு ஹேவன் பிரோ, 77 மீட்டர், இருப்பதில் அதுதான் உயரம். ஆடு மேய்ந்து மேய்ந்து புல் கோரைப்பாய் போல அடர்ந்து கிடக்கிறது. புல் தேய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு. கோலமாவை மிதித்தது போல ஷூ வெளுத்துவிட்டது. நடுநடுவே சக்கிமுக்கிக் கற்கள். உடைந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை, உள்ளே கறுப்புக் கண்ணாடி. விளிம்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. அண்ணி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "பேரு ஏழு, எட்டு வருதே! நீயும் எண்ணிப் பாரு." எண்ணினேன். எட்டுதான்.

ஒரு மேட்டில் இரண்டு பையன்கள் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேலே புல் இருக்கும், அடியில் பாறை இருக்காது. இங்கே சுண்ணாம்பு சரிந்துகொண்டே இருக்கிறது. பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தையே 1999-இல் கட்டடத்தோடு 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அண்ணி நேரே போய்ப் பேசி அவர்களை எழுப்பிவிட்டார். தயவுசெய்து யாரும் அங்கே விளிம்புக்குப் போகாதீர்கள்.

பர்லிங் கேப்பில் எலுமிச்சைச் சாதம். பீச்சி ஹெட் உச்சியில் காற்று பேசவிடவில்லை.

ஈஸ்ட்போர்னுக்குள் விழும் கடைசி இறக்கம் செங்குத்து. முட்டிக்காக அண்ணி என் கையைப் பிடித்துப் பின்பக்கமாகவே இறங்கினார். அடிவாரத்தில் பாதை முடியும் பலகை. அதைத் தொட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்தோம். ஆறிப்போயிருந்தது.